பழைய டிராக்டர்: எஞ்சினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

இந்த முறை பழைய டிராக்டர் வாங்கியவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மாஸ்ஸி 1035, ஃபோர்டு 3600, பி-275 என்று எல்லாம் பல வருடம் உழைத்த வண்டிகள். நிறையப் பேருடைய கேள்வி "மெக்கானிக் எஞ்சினைப் பிரிக்கணும் என்கிறார், பிரிக்கலாமா?" என்றுதான் முடிகிறது. வண்டி வாங்கியவுடன் கையில் காசு குறைவாக இருக்கும். ஒரு ஸ்பேனர் செட், ஒரு மல்டிமீட்டர், அரை நாள் பொறுமை இருந்தால் பாதிப் பிரச்சினைகளை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து: அண்ணா, போன மாதம் ஒரு 1035 வாங்கினேன். காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கிவிடுகிறது. பிடித்துக்கொண்டால் நாள் முழுக்கத் தொந்தரவு இல்லை. ஸ்டார்ட் ஆகும்போது வெள்ளைப் புகை. போர் போய்விட்டது என்கிறார்கள்.

போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர், போய்விட்டது என்று இப்போதே சொல்ல முடியாது தம்பி. ஸ்டார்ட் ஆகும்போது வரும் அந்த வெள்ளைப் புகை பெரும்பாலும் எரியாத டீசல். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்கும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலே அந்தச் சூடு வராது. அதனால் முதலில் செல்ஃபைப் பாருங்கள். நிறுத்திவைத்த பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பழைய வண்டிகளில் எர்த் வயர் பெயின்ட் மேலேயும் துரு மேலேயும் முடுக்கப்பட்டிருக்கும். கழற்றிச் சுரண்டி முடுக்கினால் செல்ஃப் சுற்றும் வேகமே மாறிவிடும்.

அதிலும் சரியாகவில்லை என்றால், நாளைக் காலை செல்ஃப் அடிக்கும் முன், டாங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பின் கை லீவரை நன்றாக அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். லீவர் லூசாகவே இருந்தால் எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். கேம் மேலே நிற்கும்போது அது வேலை செய்யாது. இப்படி அடித்ததும் வண்டி சட்டென்று பிடித்தால் ராத்திரியில் டீசல் டாங்குக்குத் திரும்பி இறங்குகிறது, லைன் ஏர் பிடிக்கிறது என்று அர்த்தம். ஃபில்டர் செப்பு வாஷர்கள், டாங்கிலிருந்து வரும் ஜாயின்டுகள், ஃபீட் பம்ப் வால்வு, இவற்றில் ஒன்றுதான். எல்லாம் சில்லறைச் செலவு.

போரைச் சந்தேகிக்க வேறு சாட்சி வேண்டும். எஞ்சின் சூடானபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வந்தால் கவலையில்லை. குபுகுபு என்று புகை விட்டு விட்டு அடித்து, சைலன்சரில் நீலப் புகையும் இருந்து, ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால் ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. அப்போதும் மூன்று சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லி, எண்களைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு பிரிக்கச் சொல்லுங்கள்.

புதுக்கோட்டையிலிருந்து: ஐயா, இதுவும் 1035தான். எஞ்சின் பிரமாதம். ஆனால் லிஃப்ட் தூக்கவே இல்லை. கலப்பை தரையிலேயே கிடக்கிறது. ஹைட்ராலிக் பம்ப் மாற்ற வேண்டுமா?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏனென்றால் இதில் வீணாகச் செலவழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பி.டி.ஓ. (ரோட்டவேட்டர் மாதிரி கருவிகளைச் சுற்ற எஞ்சின் சக்தியைப் பின்னால் கொடுக்கும் சாஃப்ட்) லீவர் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் பின் ஹவுசிங்கின் எண்ணெய்க்குள் மூழ்கி இருக்கிறது. அதைச் சுற்றுவது பி.டி.ஓ. சாஃப்ட். லீவர் நியூட்ரலில் இருந்தால் பம்ப் சும்மா நிற்கும். வேறு கம்பெனி வண்டி ஓட்டிப் பழகியவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

அடுத்து, சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு லீவர்கள். ஒன்று பொசிஷன், கலப்பை நிற்கும் உயரத்துக்கு; இன்னொன்று டிராஃப்ட், மண்ணின் இழுவைக்கு ஏற்ப ஆழத்துக்கு. ஒன்று கீழே கிடந்தால் மற்றதை எவ்வளவு ஏற்றினாலும் லிஃப்ட் கை எழாது. டிராஃப்ட் லீவரை முழுக்க மேலே வைத்துவிட்டு பொசிஷன் லீவரை ஏற்றிப் பாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்து தூக்கவில்லை என்றால் எண்ணெய். கியர் பாக்ஸ், பின் ஹவுசிங், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். அளவு குறைந்தாலும் லிஃப்ட் திணறும். கியர் லீவரின் ரப்பர் கிழிந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி எண்ணெய் மோர் மாதிரி ஆகிவிடும். சேற்றுழவு ஓட்டிய வண்டியில் இதை அடிக்கடி பார்க்கலாம். முழுக்க வடித்து, பம்பின் ஸ்ட்ரெய்னரைக் கழுவி, புது எண்ணெய் ஊற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பம்பைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

லிஃப்ட் தூக்க ஆரம்பித்ததும் இன்னொரு சோதனை செய்யுங்கள். கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். மெல்ல இறங்கினால் பழைய வண்டிக்கு அது சகஜம். அணைத்த கையோடு சரசரவென்று இறங்கினால் லிஃப்ட் சிலிண்டரின் சீலோ கன்ட்ரோல் வால்வோ கசிகிறது. பம்ப் மேல் குற்றமில்லை. உழும்போது கலப்பை மேலும் கீழும் குதித்தால் டாப் லிங்க் (கலப்பையின் மேல்பகுதியை வண்டியோடு இணைக்கும் கம்பி) வண்டியில் மாட்டும் இடத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அங்கே உள்ளே ஒரு கனமான ஸ்பிரிங் இருக்கிறது. மண்ணின் இழுவையை டாப் லிங்க் வழியாக உணர்ந்து ஆழத்தைத் தானாகச் சரிசெய்வதுதான் ஹாரி ஃபெர்குசன் கொண்டுவந்த முறை. அந்த இடத்தில் ஆட்டம் இருந்தால் வண்டிக்கு மண்ணின் இழுவை சரியாகத் தெரியாது. இத்தனையும் பார்க்கும்போது, தூக்கிய கலப்பைக்கு அடியில் கையையோ காலையோ வைக்காதீர்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: ரோட்டவேட்டர் போட்டால் கருப்புப் புகை அள்ளுகிறது. வண்டி ஃபோர்டு 3600.

காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். ஆயில் பாத் ஏர் கிளீனரின் கிண்ணத்தைக் கழற்றுங்கள். அடியில் சேறு படிந்திருக்கும். கழுவி, குறி வரைக்கும் மட்டும் ஆயில் ஊற்றுங்கள். அப்புறம் டீசல் பம்பின் சீல் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். விற்பதற்கு முன் இழுவை காட்ட, டீசல் அளவைக் கூட்டும் ஸ்குரூவைத் திருகிவைப்பது உண்டு. அப்படி இருந்தால் பம்ப் சர்வீஸ் செய்யும் இடத்தில் டெஸ்ட் பெஞ்சில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து: எஞ்சின் ஆயில் குறையவில்லை, டிப் ஸ்டிக்கில் ஏறிக்கொண்டே வருகிறது. நல்ல விஷயம்தானே அண்ணா?

இல்லை தம்பி. இதைப் படித்ததும் வண்டியை நிறுத்துங்கள். ஆயில் தானாகக் கூடாது; டீசலோ தண்ணீரோ உள்ளே போகிறது. ராத்திரி முழுக்க நிற்கவைத்து, காலையில் டிரெயின் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தண்ணீர் அடியில் தங்கும், அதனால் முதலில் அதுதான் சொட்டும். தண்ணீர் என்றால் ஹெட் கேஸ்கெட், ஹெட் விரிசல், லைனர் என்று தேட வேண்டும், அது பெரிய வேலை. தண்ணீர் இல்லாமல் ஆயில் நீர்த்து டீசல் வாசனை அடித்தால் ஃபீட் பம்பின் டயாப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது டீசல் பம்ப் சாஃப்ட் சீல். டயாப்ரம் மலிவானது. ஆனால் நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் போய்விடும். அளவு ரொம்ப ஏறினால் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கு அடங்காமல் வேகம் பிடிக்கவும் கூடும். சரிசெய்த பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: இரண்டு வருடம் நின்ற வண்டி. கிளட்ச் மிதித்தாலும் கியர் கரகரவென்று கத்துகிறது, விழவே இல்லை.

பெடல் ஃப்ரீ பிளேயும் லிங்க்கும் சரியாக இருந்தால், கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலில் ஒட்டியிருக்கும். பெடலை மிதித்து ஒரு கட்டையால் அணைகொடுத்து இரண்டு நாள் விடுங்கள். பிரியவில்லை என்றால் எஞ்சினை முதலில் நியூட்ரலில் ஓடவிட்டு நன்றாகச் சூடாக்குங்கள், பிறகு அணையுங்கள். முன்னால் ஆள், மரம், வரப்பு எதுவும் இல்லாத வெட்டவெளியில், கியரில் போட்டு ஸ்டார்ட் செய்து, ஓடும்போது கிளட்ச்சை முழுக்க மிதித்து, கொக்கி போட்டுச் சேர்த்த இரண்டு பிரேக்கையும் அழுத்துங்கள். வண்டி நகர ஆரம்பித்துவிடும் என்று தெரிந்தே ஏறுங்கள். பெரும்பாலும் டப்பென்று விட்டுக்கொடுக்கும்.

விழுப்புரத்திலிருந்து: ஸ்டியரிங் கால் சுற்று சும்மா சுற்றுகிறது. பாக்ஸை மாற்றவா?

முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, கீழே கட்டை வையுங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஹப் பேரிங்கும் கிங் பின் புஷ்ஷும் தெரியும். ஒருவரை ஸ்டியரிங்கை ஆட்டச் சொல்லி, பால் ஜாயின்டுகளை விரலால் தொட்டுப் பாருங்கள். ஆக்சில் நடுப் பின்னையும் விடாதீர்கள். இவை எல்லாம் சரி என்றால்தான் பாக்ஸ்.

திருநெல்வேலியிலிருந்து: சாவி சுவிட்ச் வேலை செய்யவில்லை. கீழே நின்று செல்ஃப் மோட்டாரில் ஸ்குரூ டிரைவர் வைத்துத்தான் ஸ்டார்ட் செய்கிறேன். வேறு தொந்தரவு இல்லை.

தொந்தரவு இதுதான் ஐயா. இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். நீங்கள் நிற்கும் இடம் பின் சக்கரத்துக்கு முன்னால். வண்டி கியரில் இருப்பதைக் கவனிக்காமல் ஒருநாள் வைத்தால் எஞ்சின் பிடித்த நொடியில் சக்கரம் உங்கள் மேல் ஏறும், விலக நேரம் இருக்காது. இப்படி உயிரிழந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நீங்கள் ஷார்ட் செய்தால் செல்ஃப் சுற்றுகிறது என்பதால் மோட்டார் நன்றாக இருக்கிறது. பழுது சுவிட்ச், அங்கிருந்து சொலினாய்டுக்கு (சாவி திருப்பினால் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் பகுதி) வரும் சின்ன வயர், சொலினாய்டு, நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் இருந்தால் அது, இவற்றில் ஒன்றில்தான். வண்டியை நியூட்ரலில் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லி, பக்கவாட்டில் நின்று அந்தச் சின்ன வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சொலினாய்டு, வராவிட்டால் வயரோ சுவிட்சோ. ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு இது சின்ன வேலை. அவர் வரும்வரை வண்டி நிற்கட்டும், உழவு இரண்டு நாள் தள்ளிப்போகட்டும்.