லக்குக்குள் வெள்ளி ஓடாமல் உருண்டு நிற்பது பற்றி

சைக்கிள் சட்டத்தைப் பற்றவைக்கும்போது, வெள்ளிக் கம்பி உருகி லக்குக்குள் (குழாய் நுழைந்து உட்காரும் உறை போன்ற இணைப்புத் துண்டு) இறங்காமல் மணி மணியாக உருண்டு நிற்கிறது என்கிறீர்கள். கம்பியைச் சுடரில் உருக்காதீர்கள். குழாயும் லக்கும் சூடாகி, அந்தச் சூட்டில்தான் அது உருக வேண்டும்.

பெரும்பாலும் உள்ளே இருக்கும் குழாய் காய்ந்திருக்காது. லக் மூடிக்கொண்டிருப்பதால் லக் மட்டும் சிவந்துவிடும். முதலில் லக்கை ஒட்டிய குழாயைச் சூடாக்குங்கள், அப்புறம் சுடரை லக்குக்கு நகர்த்துங்கள். ஃப்ளக்ஸ், அதாவது சூட்டில் உலோகம் கறுக்காமலிருக்க இணைப்பில் பூசும் பசை, வெள்ளையாகப் பொரிந்து உப்பி, அடங்கி, ஏறக்குறைய 600 டிகிரியில் தண்ணீர் போலத் தெளியும். 56 சதவீத வெள்ளிக் கம்பி 650 டிகிரி வாக்கில் ஓடிவிடும். கம்பியை ஒரு விளிம்பில் வைத்து, சுடரை எதிர் விளிம்புக்கு இழுங்கள். வெள்ளி சூட்டைத் தேடி உள்ளே போகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

ஃப்ளக்ஸ் கறுத்துவிட்டதா? மேலே இன்னும் வெள்ளி வைத்துப் பயனில்லை. ஆறவிட்டு, வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, எமரித் தாளால் தேய்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க, துண்டுக் குழாயில் ஒரு லக்கைப் பற்றவைத்து நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். வெள்ளி எட்டாத இடம் கண்ணுக்கே தெரியும்.

ஒன்று மட்டும்: காட்மியம் கலக்காத கம்பிதானா என்று கேட்டு வாங்குங்கள். காட்மியப் புகை நுரையீரலையே கெடுத்துவிடும். ஃப்ளக்ஸ் புகையும் நல்லதல்ல, மூடிய அறையில் வேலை செய்யவே வேண்டாம்.