இருவாச்சிக்குப் பெட்டி வைக்கலாமா?

வணக்கம். போன மாதம் வால்பாறையில் முதல்முறையாக இருவாச்சிப் பறவையைப் பார்த்தேன். பொந்துள்ள பெரிய மரங்கள் குறைந்ததுதான் இதற்குச் சிக்கல் என்று உடன் வந்தவர் சொன்னார். சிட்டுக்குருவிக்கு வைப்பதுபோல இதற்கும் கூடாகப் பெரிய பெட்டிகள் செய்து மரத்தில் மாட்டினால் என்ன? நண்பர்கள் சிலர் பணம் போடத் தயாராக இருக்கிறோம்.

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

வைக்கலாம். தாய்லாந்தில் வைத்திருக்கிறார்கள், அதில் இருவாச்சிகள் குஞ்சும் பொரித்திருக்கின்றன. ஆனாலும் முதல் பணத்தைப் பெட்டிக்குப் போடாதீர்கள் என்பேன்.

இருவாச்சிக்கு மரத்தைக் குடையத் தெரியாது. கிளை முறிந்து உளுத்துப்போன இடத்தில் உண்டாகும் பொந்துதான் அதற்கு வீடு. பெட்டை உள்ளே போய், எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலைப் பூசிவிடும். அலகு நுழைய ஒரு கீற்று மட்டும் மிஞ்சும். அப்புறம் பல வாரங்களுக்கு ஆண் கொண்டுவருவதுதான் சாப்பாடு. ஆணை யாராவது சுட்டுவிட்டால் உள்ளே இருக்கும் குடும்பமும் பட்டினிதான்.

ஒரு மார்ச் காலையில் ஆனைமலையில் தள்ளி உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன். ஆண் வந்து பட்டையில் தொற்றிக்கொண்டது. தொண்டையிலிருந்து ஒவ்வொரு அத்திப்பழமாக மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் பிடித்துக் கீற்றுக்குள் நீட்டியது. உள்ளிருந்து இன்னொரு அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. 23 பழங்கள் எண்ணினேன். ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

தாய்லாந்தில் பேராசிரியர் பிலாய் பூன்ஸ்வாட் 1978 முதல் இந்தப் பறவைகளுக்காக உழைத்து வருகிறார். வருடக்கணக்கில் அதே பொந்துகளைக் கவனித்ததில் ஒன்று தெரிந்தது: மரம் நிற்கிறது, ஆனால் பொந்து பயனற்றுப் போகிறது. அடித்தளம் உளுத்து இறங்கிவிட்டால் பெட்டைக்கு வாசல் எட்டாது. சில மரங்களில் பட்டை வளர்ந்து வாசலே மூடிக்கொள்கிறது. ஆட்கள் ஏறி மண் கொட்டித் தரையை உயர்த்துகிறார்கள், உளியால் வாசலைச் செதுக்கி அகலப்படுத்துகிறார்கள். பெட்டி அதற்கு அடுத்த கட்டம்தான். அதையும் ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் பார்த்துச் சரிசெய்ய ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதுதான் எனக்கு முக்கியம். தெற்குத் தாய்லாந்தின் பூடோ மலையில், முன்பு குஞ்சுகளை எடுத்து விற்றவர்களே இப்போது காவலர்கள். எந்த மரத்தில் எந்தப் பொந்து என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? நகரத்தில் இருப்பவர்கள் ஒரு கூட்டைத் தத்தெடுத்துப் பணம் தருகிறார்கள், அது இவர்களுக்குச் சம்பளமாகிறது. அருணாசலப் பிரதேசத்தின் பக்கே காட்டை ஒட்டிய நிஷி பழங்குடியினரின் கிராமங்களிலும் 2011-லிருந்து இதே முறை நடக்கிறது. இன்னும் பக்கத்தில், கேரளத்தின் வாழச்சால் காடுகளில் காடர் பழங்குடியினர் கூடுகளைக் கண்காணித்துக் கணக்கெடுக்கிறார்கள். எனக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தோன்றவில்லை.

ஆகவே உங்கள் பணம் ஒரு கூடு காவலரின் சம்பளத்துக்குப் போகட்டும். காலிப் பெட்டி மரத்தில் தொங்குவதைவிட, வாராவாரம் கூட்டைப் போய்ப் பார்த்து வருகிற ஒருவர் இருப்பது மேல்.

அடுத்த முறை போனால் கூட்டு மரத்தின் கீழ் நிற்காதீர்கள். ஆள் இருந்தால் ஆண் இரையோடு திரும்பிப் போய்விடும். தேதி, இடம், ஆணா பெட்டையா என்று குறித்துக்கொள்ளுங்கள். விழி சிவப்பு என்றால் ஆண், வெளுப்பு என்றால் பெட்டை. போன மாதம் நீங்கள் பார்த்தது எது என்று நினைவிருந்தால் எழுதுங்கள்.