52 டிகிரி எதற்கு?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். தடுக்க ஆளில்லாமல் கோட்டில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ பத்துக்கு ஐந்துதான் விழுகிறது. பந்தைத் தரைமட்டத்துக்கு 52 டிகிரி கோணத்தில் எறிவதுதான் சரி என்று கம்ப்யூட்டரில் கண்டுபிடித்திருப்பதாகப் படித்தேன். உயர்த்தி எறிந்தால் தோழிகள் சிரிக்கிறார்கள் என்கிறாள். இந்தக் கணக்கு ஒரு சிறுமியின் கைக்கு உதவுமா?

— ஒரு தகப்பன், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

நிச்சயம் உதவும்.

நீங்கள் படித்தது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாரி சில்வர்பெர்க், சாவ் டிரான் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். கம்ப்யூட்டருக்குள் லட்சக்கணக்கான ஃப்ரீ த்ரோக்களை எறிந்து பார்த்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், நூற்றுக்கு எழுபது போடுகிறவரின் கைத்தடுமாற்றத்தையும் சேர்த்தே எறிந்தார்கள் என்பது. கை தவறத்தான் செய்யும், தவறியும் பந்து விழ வேண்டும் என்றால் எப்படி எறிவது? இதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. ஏழடி உயரத்தில் பந்தை விடுகிறவருக்கு 52 டிகிரி, பந்து நொடிக்கு மூன்று முறை பின்னோக்கிச் சுழல வேண்டும், குறி வளையத்தின் நடுவில் இல்லாமல் சற்றுப் பின்னால். இதுதான் கிடைத்த விடை.

காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காமல் நானும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். 50 டிகிரிக்கும் 52க்கும் தேவைப்படும் வேகம் ஒன்றுதான், நொடிக்கு 7.15 மீட்டர். 54க்கு 7.17. அதாவது கை இரண்டு டிகிரி நழுவினாலும் அதே விசை போதும். 45இல் எறிந்தால் கதை வேறு. பந்து 29 டிகிரிச் சாய்வில்தான் வளையத்துக்கு வந்து சேரும். அந்தச் சாய்விலிருந்து பார்த்தால் 45 சென்டிமீட்டர் வளையத்தின் வாய் 22 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஆண்கள் ஆடும் பந்தின் குறுக்களவோ 24. விளிம்பில் இடிக்காமல் எப்படி நுழையும்?

உங்கள் மகள் தோராயமாக 1.7 மீட்டர் உயரத்தில் பந்தை விடுவாள் என்று வைத்துக்கொண்டால், அவளுக்கு 54 டிகிரி பொருந்தும். கோணமானி எல்லாம் வேண்டாம். மைதானத்தின் பக்கவாட்டில் நின்று மொபைலில் வீடியோ எடுங்கள். பந்து உச்சிக்குப் போகும் நொடியில் நிறுத்துங்கள். பந்தின் நடுப்பகுதி வளையத்துக்கு மேலே அரை மீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்க வேண்டும், இரண்டு பந்தும் இன்னொரு கால் பந்தும் என்று திரையிலேயே அளந்துவிடலாம். ஒரு நாளில் ஒன்றை மட்டும் திருத்துங்கள். உயரம் படிந்த பிறகு சுழற்சியைப் பார்க்கலாம்.

அப்புறம், அந்தச் சிரிப்பு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லைன் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். அன்று ஃப்ரீ த்ரோவில் 32க்கு 28 போட்டார். இரண்டு கையாலும் இடுப்புக்குக் கீழிருந்து தூக்கிப் போடும் முறையில். அப்படிப் போடுவது கூச்சமாக இருந்ததால் பிறகு அதை விட்டுவிட்டார், அது தவறு என்று அவரே பின்னாளில் எழுதினார். அவருடைய மொத்த ஃப்ரீ த்ரோ கணக்கு நூற்றுக்கு 51தான். நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. மகளிடம் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்துப் பத்துக்கு எத்தனை விழுகிறது என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.