துன்பத்திலும் கடவுள் உடனிருக்கிறார் என்று எதை வைத்து நம்புவது?

வேண்டிக்கொண்ட பிறகும் வீட்டில் நோயும் கடனும் குறையாதபோது கடவுள் உடனிருப்பதாக எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். உடனிருப்பதையும் துன்பத்தைத் தடுப்பதையும் ஒன்றாக எண்ணுவதால்தான் இந்தக் கேள்வி இவ்வளவு கனக்கிறது என்பது என் கருத்து.

திருநெல்வேலியில் தாமிரபரணிக்குள்ளேயே அமைந்த குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பாருங்கள். ஆற்றில் வெள்ளம் ஏறத் தொடங்கினால் உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பாறையில் செதுக்கப்பட்ட மூலவரோ நீருக்குள்ளேயே இருப்பார். 2023 டிசம்பர் பெருவெள்ளத்திலும் அக்கோயில் மூழ்கியது. வெள்ளம் வடிந்ததும் படிந்த சேற்றை வாரி, தரையைக் கழுவிவிட்டு வழிபாட்டைத் தொடர்வதே அங்கு வழக்கம். மூலவர் வெள்ளத்தை நிறுத்தவில்லை என்பதற்காக அவர் அங்கே இல்லை என்று எந்த நெல்லைக்காரரும் முடிவுகட்டுவதில்லை. உற்சவரைத் தூக்கிச் செல்வதை நம்பிக்கைக் குறைவு என்றும் யாரும் சொல்வதில்லை (சொன்னால் அர்ச்சகரே சிரித்துவிடுவார்).

ஆகவே மருத்துவரைப் பார்ப்பதும் கடன் கொடுத்தவரிடம் தவணை கேட்பதும் உங்கள் பக்திக்கு முரணானவை அல்ல. மனம் ஒட்டாத நாளிலும் விளக்கை ஏற்றிவிடுங்கள். கோபம் வந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள், ஏனெனில் இல்லாத ஒருவரிடம் எவரும் கோபித்துக்கொள்வதில்லை.