மகன் அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவனா?

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். யூதாவில் அகசியா ராஜாவானபோது வயது 22 என்கிறது வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 8:26. 2 நாளாகமம் 22:2-ல் 42 என்றிருக்கிறது. எது சரி என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டான். என்ன சொல்லட்டும்?

பதில்: 22 என்று தயங்காமல் சொல்லுங்கள். காரணத்தை அவனையே கண்டுபிடிக்க விடலாம். 2 நாளாகமத்தில் முந்தின அதிகாரத்தின் கடைசி வசனத்தை (21:20) வாசிக்கச் சொல்லுங்கள்: அப்பா யோராம் 32 வயதில் ராஜாவாகி 8 வருஷம் ஆண்டு இறந்தான். அதாவது 40. உடனே பட்டத்துக்கு வந்த மகனுக்கு 42 என்றால் அப்பாவுக்கு அவன் அண்ணன்! அதிலும் அவன் கடைசிப் பிள்ளை என்று 22:1 சொல்கிறது.

படியெடுத்தவர் கை தவறியிருக்கிறது. பழைய சீரிய மொழிபெயர்ப்பில் இதே இடத்தில் 22 என்றே இருக்கிறது. 20-ஐக் குறிக்கும் காஃப் என்ற எபிரெய எழுத்தை 40-ஐக் குறிக்கும் மேம் என்று மாற்றி வாசித்துவிட்டார்கள் என்று சிலர் விளக்குவார்கள். நான் அதை உறுதியாகச் சொல்லமாட்டேன். நம்மிடமுள்ள எபிரெயப் படிகளில் எண்கள் சொல்லாகவே எழுதப்பட்டிருக்கின்றன. 42 என்பது அகசியாவின் தாய்வழி மூதாதையான உம்ரி ராஜாவின் குடும்பம் ஆளத் தொடங்கியதிலிருந்து எண்ணிய வருஷங்கள் என்பது பழைய யூத விளக்கம். கெட்டிக்காரத்தனமானதுதான், ஆனால் வசனம் பேசுவது அகசியாவின் வயதைப் பற்றி.

இதை வைத்து எல்லா முரண்களையும் எழுத்துப்பிழைக் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். இஸ்ரவேலரின் விடுதலைப் பண்டிகையான பஸ்காவில் சாப்பிடும் ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் அவிக்காதே, நெருப்பில் சுடு என்கிறது யாத்திராகமம் 12:9. அங்கே ‘அவி’ என்பதற்கு வரும் எபிரெய வினை ‘பிஷேல்’. உபாகமம் 16:7-க்குப் போனால், அதே பஸ்காவை ‘பிஷேல்’ செய்து சாப்பிடு என்றிருக்கிறது! மொழிபெயர்ப்பில் மட்டும் வாசிப்பவருக்கு இது தட்டுப்படாமல் போகலாம். பல மொழிபெயர்ப்பாளர்கள் ‘சுடு’ என்றோ பொதுவாக ‘சமை’ என்றோ போட்டுச் சமாளித்துவிடுகிறார்கள்.

இந்த இடறல் நமக்கு முன்பே வேறொருவர் கண்ணில் பட்டிருக்கிறது. பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு எழுதிய நாளாகம ஆசிரியர், யோசியா ராஜா கொண்டாடிய பஸ்காவைச் சொல்லும்போது, ஆட்டை ‘நெருப்பில் பிஷேல் செய்தார்கள்’ என்கிறார் (2 நாளாகமம் 35:13). நெருப்பு யாத்திராகமத்திலிருந்து, வினைச்சொல் உபாகமத்திலிருந்து. இரண்டு கட்டளைகளையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போட்டுவிட்டார். நெருப்பில் எப்படி அவிப்பது என்று சமையல்காரர் கேட்டால் பதில் கிடையாது! அதே வசனத்தில் மற்றப் பலி இறைச்சிகளைப் பானையிலும் கொப்பரையிலும் சட்டியிலும் அவித்தார்கள் என்கிறார். பஸ்காவுக்கு மட்டும் பாத்திரமே இல்லை.

அடுத்த ஞாயிறு மூன்று வசனங்களையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் போடுங்கள். ‘பிஷேல்’ வரும் இடங்களில் அந்தச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். மீதியை அந்தப் பையன் பார்த்துக்கொள்வான்.