ஜெட்டின் டாஷ் போன பிறகு எப்படி ஆடுவது?

கேள்வி: 2021 முழுக்க வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில் ஜெட் என்ற ஏஜென்டாக (பாத்திரமாக) மட்டும்தான் ஆடினேன். கையில் ஆப்பரேட்டர் என்ற ஸ்னைப்பர் துப்பாக்கி இருந்தால் யாரைக் கண்டும் பயம் கிடையாது. படிப்புக்காக விட்டுவிட்டு இப்போது திரும்பி வந்து பார்த்தால் சட்டென்று பாய்ந்து விலகும் டாஷ் பழைய மாதிரி இல்லை, ரேங்க் இறங்கிக்கொண்டே போகிறது. வேறு ஏஜென்டுக்கு மாறிவிடலாமா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஒரு வருடம் ஒரே பாத்திரத்தை ஆடினால் விரல்களுக்கே அது பழகிவிடும், திடீரென்று அதை மாற்றச் சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் மாறுவதற்கு முன்னால் உங்களிடமிருந்து சரியாக எது போனது என்று பாருங்கள். "ஜெட்டைக் கெடுத்துவிட்டார்கள்" என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் திருத்திக்கொள்ள எதுவும் கையில் சிக்காது.

நீங்கள் ஆடிய காலத்தில் ஈ பட்டனை அழுத்திய கணமே டாஷ் போகும். 2022 ஏப்ரலில் வந்த 4.08 பேட்ச் (கேமின் அப்டேட்) அதை இரண்டாக உடைத்தது: முதலில் அழுத்தித் தயார் செய்ய வேண்டும், அதற்கு முக்கால் நொடி ஆகும், அப்புறம் 12 நொடிக்குள் டாஷ் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் அது வீண், இரண்டு பேரை வீழ்த்தினால்தான் திரும்பக் கிடைக்கும். 2023-இல் 7.04 பேட்ச் இன்னும் இறுக்கியது. தயாராக 1 நொடி, பயன்படுத்த 7.5 நொடி. மேலே எழும்பும் அப்டிராஃப்ட் இரண்டிலிருந்து ஒன்றானது, மறைந்துகொள்ள வீசும் ஸ்மோக் (புகை) 4.5 நொடியிலிருந்து 2.5 நொடிக்கு வந்தது. (அப்டிராஃப்டில் கை வைத்தது அதிகப்படி என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.)

அதாவது, மாட்டிக்கொண்ட பிறகு தப்பிக்க உதவிய டாஷை இப்போது மாட்டிக்கொள்வதற்கு முன்பே யோசித்து வைக்க வேண்டும். உங்கள் ரேங்க் இறங்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஹேவன் மேப்பில் சி லாங் என்ற நீண்ட பாதையைக் காத்து நிற்கிறீர்கள், ஆப்பரேட்டரால் ஒரு குண்டு சுடுகிறீர்கள், தவறிவிடுகிறது, விரல் பழக்கத்தில் ஈயை அழுத்துகிறது, ஆனால் டாஷ் தயாராகும் அந்த ஒரு நொடி தப்ப வழியில்லாமல் நிற்கிறீர்கள், எதிராளி சுட்டுவிடுகிறார். 4700 கிரெடிட் கொடுத்து வாங்கிய துப்பாக்கியும் அவர் கைக்குப் போய்விடுகிறது.

இதற்கு மருந்து காதில் இருக்கிறது. காலடிச் சத்தமோ, சோவா என்ற ஏஜென்டின் வேவு ட்ரோனோ, லாங்கில் ஸ்மோக் விழுவதோ, ஏதாவது ஒரு அடையாளம் கிடைத்த பிறகு ஈயை அழுத்துங்கள், தயாரானதும் எட்டிப் பாருங்கள், ஒரே ஒரு குண்டு சுடுங்கள், பட்டாலும் படாவிட்டாலும் கிளம்புங்கள். எதிர் டீமும் சும்மா இருக்காது. சத்தம் போட்டுவிட்டு எட்டு நொடி அசையாமல் நின்று உங்கள் டாஷைக் காலி செய்யப் பார்ப்பார்கள். அதனால் ஒற்றைச் சத்தத்தை நம்பாதீர்கள். டாஷ் வீணாகிவிட்டால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் பின்னால் வந்து, டீம்மேட் பக்கத்தில் இருக்கும் கோணமாகப் பார்த்து நில்லுங்கள்.

தாக்கும்போது இன்னொரு சிக்கல். முன்பு ஸ்மோக்கை வீசி அதற்குள் டாஷ் செய்துவிட்டு உள்ளே நின்று நிதானமாக யோசிக்கலாம். இரண்டரை நொடியில் என்ன யோசிப்பது? முடிவு வெளியிலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். "தயார் செய்கிறேன், ஃப்ளாஷ் வீசு, வெடித்ததும் போகிறேன்" என்று மைக்கில் சொல்லிப் பழகுங்கள் (ஃப்ளாஷ் என்பது எதிராளியின் கண்ணைக் கூச வைப்பது). தனியாகவே ஆடிப் பழகிய, எப்போதும் ஜெட்டையே எடுப்பவர்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கிறது, என்னையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு மாதம் இப்படி ஆடிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் ரேஸுக்கோ நியானுக்கோ தாராளமாக மாறுங்கள். முதலில் உள்ளே நுழையும் தைரியம், எங்கே எட்டிப் பார்ப்பது என்ற அறிவு, குறி, இதெல்லாம் உங்களுடையது, எந்த ஏஜென்டுக்கு மாறினாலும் கூடவே வரும்.

கேள்வி: இத்தனை பேருக்குப் பிடித்த பாத்திரத்தை எதற்காகப் பலவீனமாக்குகிறார்கள்? தோற்றவர்கள் புகார் சொல்வதாலா?

பதில்: சேம்பர் என்ற ஏஜென்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் வந்தார். இரண்டு ஆங்க்கர் (டெலிபோர்ட் ஆக உதவும் கருவி) வைத்துவிட்டு, எட்டிப் பார்த்துச் சுட்டு, ஆபத்து என்றால் டெலிபோர்ட் ஆகிவிடுவார். மேப்பின் மறுபக்கத்தை அவர் வைத்த பொறி பார்த்துக்கொள்ளும். எதிரே ஆடுபவர் அவரை மூலையில் மடக்க எவ்வளவு சரியாக ஆடினாலும் பலன் கிடைக்காது. ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்யும்போது இடத்தைக் காக்கும் ஏஜென்டுகளான கில்ஜாய்க்கும் சைஃபருக்கும் டீமில் என்ன வேலை? 2022 டிசம்பரில் 5.12 பேட்ச் ஆங்க்கரை ஒன்றாக்கியது, பொறிக்குத் தூர வரம்பு வைத்தது. பலர் அவரை விட்டுவிட்டார்கள். விடாமல் ஆடியவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் உறுதியாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஜெட்டின் கதையும் ஏறக்குறைய இதேதான், முதல் குண்டைச் சுடுவதில் அவருக்கு ஆபத்தே இல்லாமல் இருந்தது. புகார் சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள், ஆனால் எதிராளிக்குப் பதிலே இல்லாத நிலை வந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: நெர்ஃப் (பாத்திரத்தைப் பலவீனமாக்கும் மாற்றம்) வந்த அன்றே ரேங்க் மேட்ச் ஆடலாமா?

பதில்: வேண்டாம். முதல் நாள் பிராக்டிஸ் ரேஞ்சில் அரை மணி நேரம், அப்புறம் ரேங்க் இல்லாத நாலைந்து மேட்ச். பழக்கத்தில் விரல் தவறாகப் போகும் இடம் எது என்று அதிலேயே தெரிந்துவிடும்.