அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரரின் ஓய்வூதியம் 2020 வரை வழங்கப்பட்டதாமே, அது எப்படி?

கேள்வி: 1865இல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு 2020 வரை ஒருவர் ஓய்வூதியம் வாங்கினார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? கணக்கு எங்கேயோ இடிக்கிறதே?

உண்மைதான். வாங்கியவர் பெயர் ஐரீன் டிரிப்லெட். வட கரோலினா மாநிலம் வில்க்ஸ்போரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தவர், 2020 மே 31 அன்று 90 வயதில் இறந்தார். அதுவரை மாதாமாதம் 73 டாலர் 13 சென்ட் வந்துகொண்டிருந்தது, அன்றைய மதிப்பில் சுமார் 5,500 ரூபாய். பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ என்று நினைத்துவிடாதீர்கள், சொந்த மகள். அப்பாவுக்கு 83 வயதில் பிறந்த மகள்.

நான் பல வருடம் ஓய்வூதியக் கோப்புகளோடு மாரடித்தவன். அதனால் 'அடேயப்பா, இவ்வளவு வருஷமா!' என்பதைவிட எந்த விதியில் இது இவ்வளவு தூரம் இழுத்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம். அந்தக் கணக்கு புரிய அப்பாவின் கதை தெரிய வேண்டும்.

அப்பா பெயர் மோஸ் டிரிப்லெட். 1846இல் வட கரோலினாவின் மேற்கு மலைப்பக்கத்தில் பிறந்தவர். அந்தப் பக்கம் பெரிய பருத்தித் தோட்டங்கள் கிடையாது, அடிமைகளை வைத்திருந்தவர்களும் குறைவு, அடிமை முறையைக் காக்கத் தெற்கு மாநிலங்கள் தனி அரசாகப் பிரிந்தபோதும் வடக்கு அரசுக்கே, அதாவது மத்திய அரசுக்கே விசுவாசமாக இருந்த குடும்பங்கள் நிறைய. அப்புறம் தெற்கு அரசு கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் கொண்டுவந்து, 20 அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஓர் ஆள் விலக்கு என்றும் சொன்னதும், இது பணக்காரன் சண்டை, சாவதோ ஏழை என்ற பேச்சு மலையெங்கும் கிளம்பிவிட்டது. மோஸ் அந்த விலக்கு வருவதற்கு முன்பே, 1862 மே மாதம், மீசை முளைக்கிற வயதில், தெற்குப் படையின் 53ஆவது வட கரோலினா ரெஜிமெண்டில் சேர்ந்தார். அடுத்த வருடத் தொடக்கத்தில் 26ஆவது ரெஜிமெண்டுக்கு மாற்றினார்கள்.

அந்த 26ஆவது ரெஜிமெண்ட் 1863 கோடையில் வடக்கே நடந்தது, பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் ஊரை நோக்கி. வழியில் மோஸ் நோயில் விழுந்தார், வர்ஜீனியாவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் விட்டுவிட்டுப் போனார்கள். ஆள் அங்கிருந்து ஓடிவிட்டார். ஜூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க்கில் இரு படைகளும் மோதிய பெரும் சண்டை எல்லோருக்கும் தெரியும், ஆனால் இதைக் கவனியுங்கள்: இரு தரப்பையும் சேர்த்து அந்தச் சண்டையில் அதிக ஆட்களைப் பறிகொடுத்த ரெஜிமெண்ட் இவருடைய 26ஆவதுதான். சுமார் 800 பேரில் கொல்லப்படாமல், காயப்படாமல், பிடிபடாமல் மிஞ்சியவர்கள் மிகக் கொஞ்சம். காய்ச்சலோ என்னவோ, அது வராமல் இருந்திருந்தால் ஐரீனும் இல்லை, இந்தப் பதிலும் இல்லை.

ஓடியவர் மலையைத் தாண்டி டென்னசி போய், 1864இல் வடக்குப் படையில் சேர்ந்தார். 3ஆவது வட கரோலினா குதிரைப்படைப் பிரிவு, கர்னல் ஜார்ஜ் கிர்க் நடத்தியது. தெற்கின் முகாம்களையும் ரயில் பாதைகளையும் தாக்குவதுதான் வேலை, அதுவும் சொந்த மாநிலத்துக்குள்ளேயே புகுந்து. போர் முடிந்த பிறகும் கிர்க்கின் ஆட்கள் என்றால் ஊரில் காறித் துப்பினார்கள். மோஸ் அதே மலையடிவாரத்தில்தான் மிச்சக் காலத்தைக் கழித்தார், வீட்டில் கிலுகிலுப்பைப் பாம்புகளை வளர்த்துக்கொண்டு, மடியில் துப்பாக்கியோடு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு. துரோகி என்கிறவர்கள் இன்றும் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன், பதினாறு பதினேழு வயதில் யாருடைய சண்டைக்கோ சாகாமல் தப்பியவர் என்றுதான் சொல்வேன்.

ஆனால் ஓய்வூதியத்துக்கு அந்தப் பக்கம் மாறியதுதான் அஸ்திவாரம். அன்று மத்திய அரசின் ஓய்வூதியம் வடக்குப் படையில் இருந்தவர்களுக்கு மட்டும். தெற்கு வீரர்களுக்கு அந்தந்த மாநிலம் பார்த்து ஏதாவது கொடுத்தால் உண்டு.

முதல் மனைவி குழந்தை இல்லாமல் இறந்துபோனார். 1924இல், 78 வயதில், முப்பதுகூட ஆகாத எலைடா ஹாலைக் கட்டினார். சில குழந்தைகள் தங்கவில்லை. 1930 ஜனவரியில் ஐரீன், 1933இல் ஒரு மகன். 1938 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கின் 75ஆம் ஆண்டுக்கு இரு தரப்பிலும் மிஞ்சியிருந்த கிழவர்கள் 1,800க்கும் மேற்பட்டோரைக் கூட்டினார்கள், அதிபர் ரூஸ்வெல்ட் வந்து நினைவுச்சின்னம் திறந்தார். ஓடிப்போனதால் பார்க்காமல் தப்பித்த அந்தக் களத்துக்கு 92 வயதில் மோஸும் போனார். திரும்பி வந்து அதே மாதம் 18ஆம் தேதி கண்ணை மூடினார். கல்லறையில் 'உள்நாட்டுப் போர் வீரர்' என்று மட்டும்தான் பொறித்தார்கள், எந்தப் பக்கம் என்று இல்லை. புத்திசாலித்தனம்!

ஐரீனின் வாழ்க்கை சுகமானதல்ல. அம்மாவுக்கும் அவருக்கும் மனவளர்ச்சிக் குறைபாடு இருந்தது. பள்ளியில் ஆசிரியர்கள் அடித்தார்கள், வீட்டில் பெற்றோர் அடித்தார்கள். பெற்றோர் இருவரையுமே தனக்குப் பிடிக்காது என்று வயதான காலத்தில் ஒரு பேட்டியில் ஒளிக்காமல் சொன்னார். 1943இல் தாயும் மகளும் மாவட்ட ஏழைகள் இல்லத்துக்குப் போனார்கள், அம்மா 1967இல் இறந்தார். சாதாரணமாக, பிள்ளைக்குக் குறிப்பிட்ட வயதானதும் குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடும். தானே பிழைக்க முடியாத பிள்ளை என்றால் நிற்காது, ஆயுள் முழுக்க உண்டு. நம் ஊர் குடும்ப ஓய்வூதிய விதிகளிலும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆக, பக்கம் மாறிய அப்பா, அவருடைய கிழ வயதுக் கல்யாணம், இந்த விதி, மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்ததால் வந்த கணக்கு இது, இடிக்கவில்லை.

உள்நாட்டுப் போர் வீரரின் கடைசி விதவை என்று இன்னொரு செய்தியும் சுற்றுகிறதே, அது வேறு ஆள். மிசௌரி மாநிலத்தின் ஹெலன் ஜாக்சன். 1936இல் 17 வயதில், 93 வயது முன்னாள் வடக்கு வீரர் ஒருவரை மணந்தவர். தினமும் வந்து வீட்டு வேலைக்கு உதவிய பெண்ணுக்குக் கூலி கொடுக்கக் கையில் காசில்லை, தன் ஓய்வூதியமாவது போய்ச் சேரட்டும் என்பதுதான் கிழவரின் யோசனை. 1939இல் அவர் இறந்தார். ஹெலன் விண்ணப்பிக்கவே இல்லை. ஊர் வாய்க்குப் பயந்து, கல்யாணம் ஆனதையே பல பத்தாண்டுகள் வெளியே சொல்லாமல் இருந்தவர், 2020 டிசம்பரில் 101 வயதில் இறக்கும் வரை அந்த வகையில் ஒரு டாலர்கூட வாங்கவில்லை.